கோப்பை துலக்கிய ஏரி

பெங்களூரில் ஒரு வாரத்தில் எனக்கு நடந்தவை, வரிசையாக:

1. ஸ்வெட்டர் கொண்டுபோனேன். ஒரு நாளும் போடவில்லை.
2. ஒன்பது பேர், நான் கேட்காமலே, அந்த ஊரின் க்ளைமேட் முன்பு எப்படி இருந்தது என்று எனக்கு விளக்கினார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் பேராசிரியர்.
3. ஆறடி பிளாஸ்டிக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகரப் பேருந்தில் நின்றபடி போனேன்.
4. எண்ணூறு கண்ணாடிக் கூடுகளை எண்ணினேன்.
5. வேறு யாரோ ஜெயித்த கால்பந்துக் கோப்பைகளைத் துலக்கினேன்.
6. பதினைந்தாயிரம் வருடம் பழைய ஏரி ஒன்று திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் காணாமல் போனது.
7. இரண்டு கையெழுத்துக் கேட்டார்கள். ஒன்று போட்டேன்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் டெக்னீஷியன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் வேலை. ஏரிச் சேற்றை அமிலத்தில் கழுவி, மிஞ்சுவதை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவேன். மிஞ்சுவது பெரும்பாலும் டையாட்டம். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி; தன்னைச் சுற்றிக் கண்ணாடியால் கூடு கட்டிக்கொள்ளும். பாசி செத்துப்போகும், கூடு கிடக்கும். குளிர்ந்த ஆழமான ஏரிக்கு ஒரு வகை, வற்றி உப்பேறிய குட்டைக்கு ஒரு வகை, சாக்கடைக்கு ஒரு வகை. சேற்றின் எந்த மட்டத்தில் எந்தக் கூடு கிடக்கிறது என்று பார்த்தால், அந்தக் காலத்தில் அங்கே மழையா வறட்சியா, குளிரா வெயிலா என்று சொல்லிவிடலாம். சொல்வது பேராசிரியர்களின் வேலை. எண்ணுவது என் வேலை.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வரதன் என்று ஒரு பேராசிரியர். நகரின் கிழக்கு ஓரத்து ஏரி ஒன்றில் சேறு எடுக்கக் குழாய் இறக்கியபோது, நாலடி ஆழத்தில், கறுப்புச் சேற்றுக்கு நடுவே ஒரு சாண் வெள்ளை அடுக்கு கிடைத்தது. அது முழுக்கக் குளிர் ஏரி டையாட்டம். உடனே செய்தித்தாளில் வந்தது: பெங்களூர் பதினைந்தாயிரம் வருடத்துக்கு முன் இன்னும் குளிராக இருந்தது, ஆழமான ஏரிகளின் ஊராக இருந்தது. அடுத்ததாக வெளிநாட்டு மாநாடு. அதற்கு வெளியாள் ஒருவர் தனியாக எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் துறைத் தலைவர் என்னை அனுப்பினார். "கையெழுத்துப் போட்டுட்டு வாம்மா வசுமதி. அங்க ஒரு பெர்மனன்ட் போஸ்ட் காலியா இருக்கு. வரதன் மனசு வெச்சா உனக்குத்தான்" என்றார். நான் ஸ்வெட்டரை எடுத்து வைத்தேன். தொண்ணூற்றெட்டாம் வருடத்து மே மாதம் அது. மே மாதத்தில் சென்னைக்காரிக்குப் பெங்களூர் என்றால் வெளிநாடுதான்.

செவ்வாய்க்கிழமை. ஆட்டோக்காரருக்கு என் பெட்டியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"மெட்ராஸா மேடம்? இந்த ஊரு க்ளைமேட்டே வேற. முன்னாடிலாம் ஒரு வூட்லயும் ஃபேனே கெடையாது. இப்ப மரத்தலாம் வெட்டிப் பேஜார் பண்ணிட்டானுங்கோ."

சொல்லிக்கொண்டே கழுத்துக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். முந்தின நாள் சென்னையில் தார் உருகி என் செருப்பில் ஒட்டியிருந்தது. இங்கே எனக்குக் காலையில் லேசாகக் காற்று வீசுவதாகவே பட்டது. அவருக்கோ உலகம் எரிந்துகொண்டிருந்தது. ஜீவனஹள்ளிக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வந்து, நின்று, யோசித்து, பின்னால் போய், மறுபடி வந்தது. அந்த அரைமணி நேரத்தில் பக்கத்து ஸ்கூட்டர்காரரும் தன் பங்குக்கு க்ளைமேட்டைச் சொல்லி முடித்தார்.

அங்கே நான் தங்கியது என் அறைத்தோழியின் சித்தி ஃபுளோரா ஆன்ட்டி வீட்டில். ஆன்ட்டியும் ஜோசப் அங்கிளும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். இரண்டு பேரின் அப்பாக்களும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். பூர்வீகம் வட ஆற்காடு. அங்கிள் இருபது வயதில் பெங்களூருக்கு வந்து ஒரு பீர் ஃபேக்டரியில் சேர்ந்தார். ஃபேக்டரி மூடிவிட்டது. இப்போது தெருவின் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர், பயிற்சியாளர், சமயத்தில் நடுவரும். கடைசிப் பதவி பற்றித்தான் எதிரணிகளுக்குப் புகார்.

"இன்னாம்மா இவ்ளோ ஒல்லியா கீற? மெட்ராஸ்ல சோறு போட மாட்டாங்களா?" என்று ஆன்ட்டி தட்டில் களியை உருட்டி வைத்தாள். பக்கத்தில் கோழிக் குழம்பு. களியை மெல்லக் கூடாதாம், விழுங்க வேண்டுமாம். மூன்று உருண்டைக்குப் பிறகு எனக்கு எழுந்திருக்க முடியவில்லை.

அங்கிள் என் வேலையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"எங்கப்பா தெனமும் மைல் கணக்கா பூமிக்குள்ள எறங்கி ஏறுவாரு. பேப்பர்ல ஒரு வரி வர்ல. உங்க சாரு ஏரில ஆறடி எறங்கிட்டு ஃபோட்டோ போட்டுகினாரு."

"சும்னிருங்க. படிச்ச பொண்ணு" என்றாள் ஆன்ட்டி.

"நான் இன்னா சொல்லிட்டேன்? அவுரு தங்கம் எடுத்தாரு, இவுங்க சேறு எடுக்கறாங்க. ரெண்டும் எடுக்கறதுதான்."

புதன்கிழமை. பேராசிரியர் வரதன் அன்பானவர். தாத்தா காலத்தில் மைசூர் அரசு வேலைக்கு வந்த குடும்பம். "நாங்க இங்க செட்டில் ஆகி நூறு வருஷம் ஆச்சும்மா. ஆத்துல தமிழ்தான், ஸ்வல்ப கன்னடம் கலந்துடும்" என்றார். "இந்த ரூம்ல ஏசி கெடையாது, பாத்தேளா? தேவையே இல்ல. நம்ம ஊர் க்ளைமேட் அப்படி." தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. மேசையில் ஏழு பேப்பர் வெயிட். அவர் பேசும்போது எட்டாவதாகத் தன் கையையும் வைத்திருந்தார்.

மைக்ராஸ்கோப் அருமையானது, சென்னையில் என் பதவிக்காலம் முழுவதும் கனவு கண்டாலும் கிடைக்காத வகை. வெள்ளை அடுக்கின் முதல் ஸ்லைடை வைத்தேன். மூங்கில் கணு போன்ற நீள உருளைகள், பார்வை வட்டம் நிறைய. குளிர்ந்த ஆழமான ஏரியில் வாழ்கிறவைதான், சந்தேகமில்லை. அழகாக இருந்தன. அரைமணி நேரம் நானும் நம்பினேன். பிறகு என் நோட்டில் மூன்று குறிப்பு எழுதினேன். ஒன்று, அடுக்கு அநியாயத்துக்குச் சுத்தம்: மகரந்தம் இல்லை, களிமண் இல்லை, இலைத் துணுக்கு இல்லை. இரண்டு, கூடுகளின் ஓரங்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. மூன்று, அடுக்கின் வயதை யாரும் சோதனைச்சாலையில் அளக்கவில்லை.

மதியம் மூன்றையும் கேட்டேன்.

"சுத்தமா இருக்குன்னா, அவ்ளோ தெளிஞ்ச ஏரின்னு அர்த்தம்" என்றார்.

"உருகினது சார்?"

"காட்டுத்தீ. கரையெல்லாம் எரிஞ்சிருக்கும். அதுக்குத் தனியா ஒரு பேப்பர் எழுதறதா இருக்கேன்."

கரையில் மரம் எரிந்தால் தண்ணீருக்கு அடியில் கண்ணாடி உருகுமா என்று நான் கேட்கவில்லை. வயதைக் கேட்டேன்.

"ஆழத்தை வண்டல் படியற வேகத்தால வகுத்தேன்."

"வேகம் எப்படித் தெரிஞ்சது சார்?"

"வேற ஒரு எடத்து ஏரில அளந்தது."

"ஆனா சார், இங்க இருக்கற ஏரி எல்லாம் யாரோ பாளையக்காரர் கரை கட்டினதுதானே?"

"கரை அவா கட்டினது. பள்ளம் இயற்கை."

"பள்ளம் இயற்கைங்கறதுக்கு?"

"வெள்ளை அடுக்குதாம்மா ஆதாரம்" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

அன்று மாலை காபி குடிக்கும்போது போஸ்ட் பற்றி அவரே பேச்செடுத்தார். அடுத்த செவ்வாய் இரவு மாநாட்டுக்கு அவருக்கு விமானம். அதற்கு முன் என் கையெழுத்து. திரும்பி வந்ததும் நேர்காணல், "அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி". என் நோட்டில் மூன்று குறிப்புகளுக்கும் பக்கத்தில் அவர் சொன்ன பதில்களை எழுதி வைத்தேன். எழுதிய பிறகு படித்துப் பார்த்தால் வாயால் கேட்டதைவிட மோசமாக இருந்தன.

வியாழக்கிழமை ஏரியைப் பார்க்கப் போனோம். ஜீப் கிளம்பவில்லை. பேராசிரியர் கொள்கையாகப் பேருந்தைத் தேர்ந்தெடுத்தார். ஆறடிக் குழாயை என்னிடம் கொடுத்தார். கண்டக்டர் குழாயை மேலும் கீழும் பார்த்துக் கன்னடத்தில், "இதென்ன, போர்வெல் போடவா? உட்கார வையுங்கள், ஒரு டிக்கெட் கிழிக்கிறேன்" என்றார். பின் இருக்கையில் ஓர் அம்மாள் பக்கத்து அம்மாளிடம், "பாவம், அந்தப் பெண்ணின் வீட்டில் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது" என்றாள். ஒவ்வொரு திருப்பத்திலும் குழாய் யாராவது ஒருவரை இடித்தது. அதுவரை எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்ன பேராசிரியர், அவர்கள் திட்டியதை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார்.

ஏரி பெரியது. நடுவில் ஆகாயத்தாமரை, ஓரத்தில் எருமை, அக்கரையில் புதிதாக எழும் அடுக்குமாடி. அதன் விளம்பரப் பலகையிலும் க்ளைமேட்தான். குழாய் இறக்கிய இடம் ஓர் ஓடை ஏரிக்குள் நுழைகிற வாய்.

"நடு ஏரியில எடுக்கலையா சார்?"

"அதுக்குப் படகு வேணும். படகுக்கு மூணு டிபார்ட்மென்ட் பர்மிஷன் வேணும். இங்கன்னா நின்ன எடத்துலேயே குத்திடலாம்."

ஓடை வாயில் சேரும் மண் ஊரெல்லாம் கழுவி வந்த மண். எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்கள் செய்தால் திட்டு வாங்கும் காரியம். ஆனால் படகுக்கு மூன்று அனுமதி வாங்கியவர்கள் யாராவது உண்டா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். குழாயோடு அவரை நான் ஒரு புகைப்படம் எடுத்தேன். திரும்பும் வழியில் அவர் தோசை வாங்கிக் கொடுத்தார். மொறுமொறுப்பு, வெண்ணெய், எல்லாம் பிரமாதம். சாம்பாரில் வெல்லம் போடுவதை அங்கே யாரும் குற்றமாகக் கருதுவதில்லை.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமை மதியம் வரையும் எண்ணினேன். ஐந்நூறு கூடுகள். எண்ணிக்கை பேராசிரியருடையதோடு பொருந்தியது. நோட்டில் மூன்று குறிப்பும் அப்படியே இருந்தன. ஆனால் நிரந்தர வேலை என்கிற எண்ணத்துக்கு ஒரு குணம் உண்டு: மற்ற எண்ணங்களை ஓரமாக நகர்ந்து உட்காரச் சொல்லும். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடம் முழுக்கக் கோப்பைகள். மறுநாள் இறுதி ஆட்டம். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் கிளப் இதுவரை ஜெயித்த எல்லாக் கோப்பைகளையும் துலக்கி, மைதானத்தில் மேசை போட்டு, எதிரணியின் கண்ணில் படுகிற மாதிரி அடுக்கி வைப்பது வழக்கம். பாதி ஜெயம் அதிலேயே என்று அங்கிள் சொன்னார்.

"வா, ஒரு கை புடி" என்று ஆன்ட்டி ஈரத்துணியும் ஒரு பழைய பிஸ்கட் டின்னும் கொடுத்தாள். டின்னில் வெள்ளைப் பொடி. துணியில் தொட்டுத் தேய்த்தேன். கறுத்த பித்தளை இரண்டே தேய்ப்பில் என் முகத்தைக் காட்டியது.

பொடியில் எடையே இல்லை. விரலிடையில் நெருடியது. எங்கள் துறையில் எல்லாருக்கும் ஒரு கெட்ட பழக்கம்: மண்ணைப் பார்த்தால் நாக்கில் வைப்போம். வைத்தேன். நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஐயோ ஏசுவே! வாயில வெக்குது பாரு!" என்று ஆன்ட்டி என் கையைத் தட்டிவிட்டாள். "நேத்து வெச்ச கறிய வேணான்னுது, இத துண்ணுது!"

"இது என்ன பொடி அங்கிள்?"

"ஃபில்டர் பவுடர். பீரு மொதல்ல கலங்கலா வரும்மா. இதப் போட்டு வடிச்சா கண்ணாடி கணக்கா ஆயிடும். ஃபாரின்லேர்ந்து மூட்ட மூட்டயா வரும். கிழிஞ்ச மூட்டயில இருந்தத நாங்க வூட்டுக்குக் கொண்டாந்துடுவோம். இந்தத் தெருவுல எல்லா வூட்டு வெளக்கும் இதுலதான் மின்னுது."

எங்கோ ஒரு நாட்டில், எத்தனையோ லட்சம் வருடத்துக்கு முன் வற்றிப்போன ஏரி. அதன் அடியில் டையாட்டம் மலையாகக் குவிந்து கிடக்கும். வெட்டி எடுப்பார்கள், சூளையில் சுடுவார்கள், வடிகட்டப் பயன்படும் என்று விற்பார்கள். இது நான் படித்ததுதான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மூன்று நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது நினைவு வரவில்லை. கால்பந்துக் கோப்பையில் என் மூக்கைப் பார்த்தபோது வந்தது.

"வடிச்ச அப்புறம் அந்தப் பொடிய என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? சேறா பூடும், புளிச்ச நாத்தம் அடிக்கும். லாரில ஏத்தி ஓடயில ஊத்திடுவோம். நானே எத்தினி லோடு ஊத்தி இருக்கேன்."

"எந்த ஓடை அங்கிள்?"

சொன்னார். வியாழக்கிழமை நான் குழாயோடு நின்ற ஓடை.

நான் துலக்குவதை நிறுத்தினேன். என் பையில் காலி ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து மூடினேன். அங்கிள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தோற்றார்கள். கோப்பைகள் மட்டும் கடைசிவரை மின்னின.

திங்கட்கிழமை காலை பொடியைத் தண்ணீரில் கரைத்து ஸ்லைடு போட்டேன். மூங்கில் கணு உருளைகள். உருகி ஒட்டிய ஓரங்கள். அதே வகை, அதே அளவு. நம்பிக்கை வராமல் முந்நூறு வரை எண்ணினேன். பத்தரை மணிக்கு எண்ணி முடித்தபோது வெள்ளை அடுக்குக்கும் பிஸ்கட் டின்னுக்கும் வித்தியாசம் இல்லை. காட்டுத்தீயின் பெயர் சூளை.

பேராசிரியரைக் கூப்பிட்டு இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். எது எது என்று சொல்லவில்லை.

"ரெண்டும் நம்ம ஏரிதானே?" என்றார்.

"ஒண்ணு ஏரி சார். இன்னொண்ணு ஜீவனஹள்ளில கப்பு துலக்கற பொடி. பீர் வடிக்க வர்றது. மிச்சத்தை அந்த ஓடையிலதான் கொட்டியிருக்காங்க. கொட்டினவரே சொன்னார்."

அவர் மறுபடி பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நல்ல கண்; ஏமாற்றிக்கொள்ள அதற்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் வேர்த்திருந்தது, அந்த க்ளைமேட்டிலும்.

"பேப்பர்ல வந்தாச்சேம்மா" என்றார்.

நான் ஸ்லைடுகளை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

"யாரோ ஒருத்தர் ஆத்து அடுக்களையிலேர்ந்து பொடி கொண்டுவந்து... இதை சாம்பிள்னு யார் ஒத்துப்பா? நீ எண்ண வந்தே. எண்ணியாச்சு. எண்ணிக்கை சரியா இருக்கோன்னோ?"

"சரியா இருக்கு சார்."

"அப்போ கையெழுத்துப் போடு. மத்தது என் பொறுப்பு. உனக்கும் ஒரு எதிர்காலம் இருக்கு, யோசி."

படிவத்தில் இரண்டு வரி. 'எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது.' 'முடிவு சரிபார்க்கப்பட்டது.' நான் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன், அந்த மைக்ராஸ்கோப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"எண்ணினதுக்குப் போடறேன் சார். ஏரிக்குப் போட முடியாது."

முதல் வரியில் கையெழுத்திட்டேன். இரண்டாவதைக் காலியாக விட்டேன். கீழே குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்: 'ஒப்பீட்டு மாதிரி: பீர் வடிகட்டும் பொடி, ஒரு வீட்டிலிருந்து. வேறுபாடு இல்லை.' ஃபிலிம் டப்பாவைப் படிவத்தின் மேல் வைத்தேன். எட்டாவது பேப்பர் வெயிட்.

மாலையில் அங்கிளிடம் சொன்னேன். முதலில் பயந்தார். "நாங்க ஊத்துனதுக்கு இப்ப கேஸ் கீஸ் வருமா?" என்றார். வராது என்றேன், உங்கள் பெயரை எங்கும் எழுதவில்லை என்றேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

"அப்ப உங்க சாரு பூமிய தோண்டிக் கண்டுபுடிச்சது என்னயா? ஃபுளோரா! கேட்டியா, பதினஞ்சாயிரம் வருசத்துக்கு முன்னாடியே நான் இங்க லாரி ஓட்டி இருக்கேன்!"

"அப்பவும் வூட்டுக்கு லேட்டாத்தான் வந்திருப்பீங்க" என்றாள் ஆன்ட்டி. பிறகு என்னைப் பார்த்து, "உன் வேல இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது டின்னில் பாதிப் பொடியை ஒரு டப்பாவில் கொட்டிக் கொடுத்தாள்.

இதை எழுதும்போது ஆறு மாதம் ஆகிறது. பேராசிரியர் மாநாட்டுக்குப் போய்வந்தார். கட்டுரையின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்: நகர ஏரிகளில் தொழிற்சாலைக் கழிவை டையாட்டம் கொண்டு கண்டறிதல். நல்ல வரவேற்பாம். ஒரு திட்டமும் கிடைத்திருக்கிறது, அதில் படகும் உண்டு. கட்டுரையின் நன்றி அறிவிப்பில் எங்கள் துறைத் தலைவரின் பெயர் இருக்கிறது. செய்தித்தாளில் மறுப்பு எதுவும் வரவில்லை, ஆகவே பெங்களூர் பதினைந்தாயிரம் வருடத்துக்கு முன் மிகக் குளிராகவே இருந்துவருகிறது. அந்த நிரந்தர வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

நான் சென்னையில் அதே துறையில், அதே பழைய மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தம் மார்ச் வரை. பொடி பாதி தீர்ந்துவிட்டது. காபி டபரா பளபளவென்று இருக்கிறது.